'இதர காரணம்' என்று எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கப்படும் 25 விழுக்காடு இலவச இடங்களைப் பற்றி ஆண்டுதோறும் கோடையில் தங்கள் நாளிதழில் செய்திகள் வருகின்றன. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எந்தத் தேதியில் குலுக்கல், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். இடம் மறுக்கப்பட்ட குழந்தையின் பெற்றோர் அந்த முடிவை எதிர்த்து யாரிடம், எத்தனை நாளுக்குள், எதை மறுத்து முறையிடுவது என்பதை மட்டும் எந்தச் செய்தியிலும் நான் கண்டதில்லை. அடுத்த சேர்க்கை தொடங்குவதற்கு முன்பாவது இதைப் பேசியாக வேண்டும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

நான் நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மகளும் மருமகனும் கடலூர் வண்டிப்பாளையம் பகுதியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். மருமகன் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆண்டு வருமானம், நலிவடைந்த பிரிவினருக்கு அரசு வைத்திருக்கும் 2 லட்சம் ரூபாய் வரம்புக்கு உட்பட்டதுதான். 2024-25 கல்வியாண்டுக்கான விண்ணப்பங்கள் 2024 ஏப்ரல் 22 முதல் மே 20 வரை இணையவழியில் பெறப்பட்டன. என் பேத்திக்கு எல்.கே.ஜி. வகுப்பில் இடம் கேட்டு, வீட்டருகே உள்ள ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு விண்ணப்பித்தோம். பிறப்புச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்ப அட்டை எல்லாவற்றையும் கணினி மையத்தில் பதிவேற்றி, விண்ணப்ப எண் அச்சிட்ட தாளையும் வாங்கி வைத்துக்கொண்டோம்.

மே 28 அன்று குலுக்கல். அதற்கு முந்தைய நாள் மாலை பள்ளியின் அறிவிப்புப் பலகையில் தகுதியுள்ளோர் பட்டியலும் தகுதியற்றோர் பட்டியலும் ஒட்டப்பட்டிருந்தன. பேத்தியின் விண்ணப்ப எண் இரண்டாவது பட்டியலில் இருந்தது. அதற்கு நேராக, காரணம் எழுத வேண்டிய கட்டத்தில், 'இதர காரணம்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் விவரத்தைக் காரணத்துடன் பள்ளித் தகவல் பலகையிலும் இணையதளத்திலும் வெளியிட வேண்டும் என்பது அரசே அறிவிக்கும் நடைமுறைதான். எனவே கட்டம் காலியாக இல்லை, நிரப்பப்பட்டுத்தான் இருந்தது. அதில் இருந்ததைக் காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்பதே என் கேள்வி. 'தொலைவு கூடுதல்' என்று எழுதியிருந்தால் அளந்து காட்டியிருப்போம். 'வருமானச் சான்று செல்லாது' என்று எழுதியிருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடியிருப்போம். 'வயது பொருந்தவில்லை' என்றால் பிறப்புச் சான்றைக் கொண்டுபோய் நீட்டியிருப்போம். 'இதர' என்ற சொல்லை எந்தச் சான்றிதழைக் கொண்டு மறுப்பது?

பள்ளியில் கேட்டோம். பட்டியல் மேலிடத்திலிருந்து வந்தது, எங்களுக்குத் தெரியாது என்றார்கள். மறுநாள் காலை உரிய கல்வி அலுவலகத்துக்குச் சென்று காத்திருந்தபோது, இருக்கையில் இருந்த எழுத்தர் கணினியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தொலைவு வரம்பான ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது என்று வாய்மொழியாகச் சொன்னார். அந்த நேரத்தில் பள்ளியில் குலுக்கல் நடந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் என் தொழில் குறுக்கிடுகிறது. ஒரு கிலோமீட்டர் என்று யாராவது சொன்னால், எங்கிருந்து எதுவரை, எந்த வழியாக, எதைக்கொண்டு அளந்தது என்று கேட்டே பழகியவன் நான். அன்று மாலையே பழைய நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வீட்டு வாசற்படியிலிருந்து பள்ளியின் வெளிக்கதவு வரை, குழந்தை நடக்கக்கூடிய தெருவின் ஓரமாகவே முப்பது மீட்டர் டேப்பை விரித்து அளந்தேன். இருபத்தொன்பது முழு டேப்பும் ஆறு மீட்டரும் வந்தது. அதாவது 876 மீட்டர். தெருவில் போனவர்கள் சாலை விரிவாக்கத்துக்காக அளக்கிறோமோ என்று பயந்து விசாரித்ததுதான் மிச்சம். நகர நில அளவை வரைபடத்தின் நகலில் வழியைக் குறித்து, அளவை எழுதி, கையொப்பமிட்டு மனுவுடன் இணைத்தேன்.

பிழை எங்கே நேர்ந்திருக்கும் என்பதும் பிறகு ஊகமாகப் புரிந்தது. விண்ணப்பத்தில் வீட்டின் இருப்பிடத்தைக் கணினி வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்க வேண்டும். அதைக் குறித்தது என் மகள் அல்ல. வரிசையில் இருபது பேர் நிற்க, அவசர அவசரமாகப் பதிவு செய்துகொண்டிருந்த கணினி மையத்துப் பையன். எங்கள் தெருவின் பெயரிலேயே வேறொரு பகுதியிலும் ஒரு தெரு உண்டு. அவனை நான் குறை சொல்லவில்லை. சரிபார்க்க வேண்டிய கட்டத்தில் யாராவது குடும்ப அட்டையிலுள்ள முகவரியை ஒருமுறை பார்த்திருந்தால் முடிந்துபோயிருக்க வேண்டிய சிறு பிழை அது.

கடலூர்வாசிகளுக்கு இன்னொன்றையும் விளக்கத் தேவையில்லை. நகரின் நடுவே கெடிலம் ஓடுகிறது. ஆற்றின் இக்கரையில் வீடும் அக்கரையில் பள்ளியும் இருந்தால், வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்க்கும்போது ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பாலத்தைச் சுற்றிப் போகிறவருக்கோ அது அடங்காது. ஆகவே தொலைவைக் காரணமாகக் காட்டுகிறவர்கள் அளந்த முறையையும் சேர்த்தே எழுத வேண்டும். முறை தெரியாத அளவு, அளவே அல்ல என்று எங்கள் துறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்போம்.

மே 29 அன்று மனுவை நேரில் கொடுத்து ஒப்புகை பெற்றேன். ஒரு வாரம் கழித்து விசாரிக்கப் போனபோது தொலைவைப் பற்றி யாரும் பேசவில்லை. வருமானச் சான்றில் மருமகனின் பெயருக்கு முதலெழுத்து முன்னால் இருக்கிறது, பிறப்புச் சான்றில் பின்னால் இருக்கிறது, அதனால் இருவரும் ஒருவர்தானா என்ற ஐயம் எழுகிறது என்றார்கள். தமிழ்நாட்டில் முதலெழுத்து முன்னும் பின்னுமாக இடம் மாறாத குடும்பம் எது என்று கேட்கத் தோன்றியது; கேட்கவில்லை. அதற்கும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். மூன்றாம் முறை போனபோது, இடங்கள் நிரம்பிவிட்டன, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அதற்குள் ஜூன் 10 வந்து, பள்ளிகளும் திறந்துவிட்டன.

ஒரே விண்ணப்பத்துக்கு மூன்று காரணங்கள், மூன்றும் வாய்மொழி. ஒன்றைச் சரிசெய்துகொண்டு போனால் அடுத்தது காத்திருக்கிறது. தேர்தல் ஆணையத்துக்கு எதிரான மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977ஆம் ஆண்டின் இறுதியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த வழக்கத்தைத்தான் கண்டித்தது. சட்டப்படி அதிகாரம் பெற்ற ஒருவர் பிறப்பிக்கும் ஆணை சரியா தவறா என்பதை அந்த ஆணையில் சொல்லப்பட்ட காரணங்களைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும், பின்னால் புதிய காரணங்களைக் கொண்டுவந்து அதற்கு முட்டுக்கொடுக்க முடியாது என்பது அதன் சாரம். தேர்தல் ஆணையத்துக்குப் பொருந்திய அந்தக் கட்டுப்பாடு எல்.கே.ஜி. சேர்க்கைப் பட்டியல் போடும் அதிகாரிக்குப் பொருந்தாது என்று யாரும் வாதிட மாட்டார்கள் என நம்புகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, அதன் 4(1)(டி) பிரிவில் இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது: நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களை, அம்முடிவால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு அமைப்புகள் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் மனுப்போட்டுக் கேட்ட பிறகு அல்ல; தாமாகவே.

நாங்கள் மனுப்போட்டுத்தான் கேட்டோம். பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஜூன் மாதத்தில் விண்ணப்பித்து, ஜூலை இறுதியில் சரிபார்ப்புத் தாளின் நகலைப் பெற்றோம். அதில் தொலைவுக் கட்டத்தில் '1.3 கி.மீ.' என்று இருந்தது. எப்படி அளந்தது என்று இல்லை. முதலெழுத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதாவது, எங்களை ஒரு வாரம் அலையவைத்த அந்தக் காரணம் கோப்பிலேயே இல்லாத ஒன்று.

இனி சட்டத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 21ஏ பிரிவின்படி 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 12(1)(சி) பிரிவில் அரசு உதவிபெறாத தனியார் பள்ளிகளும் நுழைவு வகுப்பில் குறைந்தது கால் பங்கு இடங்களை, அருகிலுள்ள நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குக் கொடுத்து, தொடக்கக் கல்வி முடியும்வரை இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்கிறது. உச்ச நீதிமன்றம் 2012இல் இதை ஏற்று உறுதி செய்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் 2014 தீர்ப்புக்குப் பிறகு முழு விலக்கு உண்டு. 13ஆம் பிரிவு நன்கொடை வாங்குவதையும் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதையும் தடைசெய்து, வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும் அதன்பின் ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கிறது. சட்டம் பள்ளிகளைக் கட்டுப்படுத்துவதில் கவனமாகத்தான் இருக்கிறது. முறையீடு என்று வரும்போதுதான் நடைமுறை இளைத்துப்போகிறது.

32ஆம் பிரிவின்படி, குழந்தையின் உரிமை பற்றி எவருக்கேனும் குறை இருந்தால் உள்ளாட்சி அதிகார அமைப்பிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். அந்த அமைப்பு இருதரப்பையும் கேட்டு மூன்று மாதங்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். அதிலும் நிறைவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியல் மே மாதக் கடைசியில் வருகிறது, பள்ளி ஜூனில் திறக்கிறது, முதல் கட்டத் தீர்வுக்கே ஆகஸ்ட் இறுதிவரை அவகாசம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆணையம், அது சென்னையில். தினக்கூலியை விட்டுவிட்டுப் போய்வரக்கூடிய பெற்றோர் எத்தனை பேர்? போதாக்குறைக்கு, 'உள்ளாட்சி அதிகார அமைப்பு' என்று சட்டம் சொல்வது மாநகராட்சியா, கல்வி அலுவலரா என்று நான் விசாரித்த இடமெல்லாம் வெவ்வேறு பதில் வந்தது. கோப்புகளோடு வாழ்நாளைக் கழித்த எனக்கே இந்த நிலை என்றால், என் மகளைப் போன்றவர்கள் முதல் மேசையிலேயே திரும்பிவிடுவார்கள்.

மூன்று மாதம் பெரிய காலமா என்று கேட்பவர்கள் வயது வரம்பைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு எல்.கே.ஜி. சேர்க்கைக்கு 2020 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை பிறந்த குழந்தைகளே தகுதியுடையோர். ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சாளரம் சரியாகப் பன்னிரண்டு மாதம் நகர்கிறது. ஆகவே ஒரு குழந்தைக்கு எல்.கே.ஜி. வழியாக இந்த ஒதுக்கீட்டில் நுழையும் வாய்ப்பு வாழ்நாளில் ஒரே ஒரு கோடைதான். எல்.கே.ஜி. உள்ள பள்ளிகளில் அதுவே நுழைவு வகுப்பு என்பதால், அதைத் தவறவிட்டவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அந்த ஒரு கோடையில் தவறாக எழுதப்பட்ட ஒரு சொல்லைத் திருத்துவதற்குள் எட்டாம் வகுப்பு வரையிலான உரிமை காலாவதியாகிவிடுகிறது. எங்கள் மனுவுக்கு நவம்பரில் பதில் வந்தது: 'விண்ணப்பம் விதிகளின்படி நிராகரிக்கப்பட்டது, சேர்க்கை நிறைவடைந்துவிட்டதால் மனு முடித்துவைக்கப்படுகிறது.' 876 மீட்டர் சரியா தவறா என்பது பற்றி அதில் எதுவும் இல்லை. என்னுடைய அளவு தவறு என்று எழுதியிருந்தால்கூட எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

நான் பணியாற்றிய துறையோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் வெள்ளையர் காலத்தது. ஒருவருடைய நிலத்தின் எல்லையை அளந்து முடிவுசெய்தால் அவருக்கு எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றும், எல்லைத் தகராறில் சொன்ன முடிவில் உடன்பாடில்லை என்றால் அவர் மேல்முறையீடு செய்யலாம் என்றும், அதன் பிறகும் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றும் அது வகைசெய்திருக்கிறது. வரப்பு ஓரத்தில் அரை அடி தள்ளிப்போனதற்காக இத்தனை படிகளும் ஏறி இறங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அரை அடிக்குக் கிடைக்கிற அறிவிப்புத் தாள், மூன்று வயதுக் குழந்தையின் கல்விக்குக் கிடைப்பதில்லை.

இதற்கென்று புதிய சட்டம் எதுவும் வேண்டாம். தகுதியற்றோர் பட்டியலிலிருந்து 'இதர' என்ற தெரிவையே நீக்கிவிட்டு, எந்தச் சான்றில் என்ன குறை, தொலைவு என்றால் எங்கிருந்து எங்கே எவ்வாறு அளந்தது, முடிவெடுத்த அதிகாரியின் பதவி என்ன, யாரிடம் எந்தத் தேதிக்குள் முறையிடலாம் என்பவற்றைப் பெற்றோரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் கையெழுத்திட்ட தாளாகவும் தர வேண்டும். பதிவுக்கே கைப்பேசி எண் கேட்கிறார்கள். குலுக்கல் தேதியை அனுப்பும் அதே வழியில் இதையும் அனுப்பலாம். பட்டியலுக்கும் குலுக்கலுக்கும் இடையே ஒரு பின்மாலைப் பொழுதுக்குப் பதிலாக ஏழு வேலை நாட்களாவது விட்டு, அந்த நாட்களில் வட்டார அளவிலேயே ஓர் அதிகாரி முறையீடுகளைக் கேட்டு முடித்தால், பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. முதலெழுத்து, தெருப்பெயர், பதிவேற்றத்தில் மங்கிப்போன நகல் போன்றவற்றுக்கு மூன்று மாத விசாரணை தேவைப்படாது.

முறையீடு நிலுவையில் இருக்கும்போது இடத்தை என்ன செய்வது என்பதுதான் சிக்கலான கேள்வி. இடத்தைக் காலியாக வைத்திருந்தால் பள்ளிகள் எதிர்க்கும், வேறொரு குழந்தையும் பாதிக்கப்படும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முறையிட்ட குழந்தையின் எண்ணையும் தற்காலிகமாகக் குலுக்கலில் சேர்த்துக்கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை. சீட்டு விழாவிட்டால் முறையீட்டுக்கே தேவையிருக்காது. விழுந்துவிட்டு முறையீடு தோற்றால், காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு அந்த இடம் போகும். தகுதியுள்ளது என்று பின்னால் தெரியவரும் ஒரு குழந்தையின் எண் குலுக்கல் பெட்டிக்குள்ளேயே விழாமல் போவதைத்தான் எந்த ஆணையாலும் பிறகு சரிசெய்ய முடியாது.

2025-26 கல்வியாண்டில், இந்த இடங்களுக்காகத் தனியார் பள்ளிகளுக்கு அரசு கொடுக்கும் நிதியை யார் தருவது என்ற மத்திய, மாநிலப் பிணக்கால் சேர்க்கை உரிய காலத்தில் தொடங்காமல், வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, அக்டோபரில்தான் நடைமுறை தொடங்கியது. அந்தக் குழப்பத்தில் முறையீடு என்ற பேச்சே எழவில்லை. இவ்வாண்டு தேதிகள் அறிவிக்கப்படும்போதே முறையீட்டுக்கான தேதிகளும் அதே அறிவிப்பில் இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கல்வித் துறைக்கு என் வேண்டுகோள்.

அரசுப் பணத்தைத் தனியார் பள்ளிக்கு ஏன் கொடுக்க வேண்டும், அரசுப் பள்ளியில் சேர்க்கக் கூடாதா என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். நான் நகராட்சிப் பள்ளியில் தரையில் உட்கார்ந்து படித்தவன். அப்பள்ளிகள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. பேத்தி இதுவரை அங்கன்வாடிக்குப் போனாள்; வரும் ஜூனில் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேரப் போகிறாள். அவளுக்காகக் கேட்பதற்கு எனக்கு இனி ஒன்றுமில்லை. இந்த ஒதுக்கீடு நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். சட்டம் இருக்கும்வரை, அதன்படி விண்ணப்பித்தவருக்கு ஏன் இல்லை என்று சொல்ல வேண்டிய கடமையும் இருக்கிறது.

இவ்வாண்டு விண்ணப்பிக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். வரைபடத்தில் வீட்டைக் குறிக்கும்போது கணினி மையத்தாரிடம் விட்டுவிடாமல் நீங்களே திரையைப் பார்த்து, பக்கத்துக் கோயிலோ கடையோ சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாச் சான்றுகளிலும் முதலெழுத்து ஒரே இடத்தில் இருக்கட்டும். பலகையில் பட்டியல் ஒட்டியவுடன் தேதி தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக எதைச் சொன்னாலும், அன்றே அதை எழுதி, 'தாங்கள் இவ்வாறு கூறினீர்கள்' என்று மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நான் முதல் நாள் இதைச் செய்யத் தவறினேன்.

என் அளவைக் குறிப்பு, சரிபார்ப்புத் தாளின் நகல், நவம்பரில் வந்த பதில் ஆகிய மூன்றும் என்னிடம் பத்திரமாக உள்ளன. துறை அதிகாரிகள் எவரேனும் பார்க்க விரும்பினால் தங்கள் அலுவலகம் வழியாகத் தெரிவிக்கலாம். நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன். மீண்டும் அளக்க வேண்டும் என்றால் டேப்பும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர்,
கடலூர்.